இறங்க வேண்டிய இடம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில் செய்து முடிக்கும் பந்தயத்துக்கு நான் பெயர் கொடுத்ததும், ஆசிரியர் அறையில் எல்லோரும் கடலைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். ஐம்பதை நெருங்கும் கணக்கு டீச்சருக்கு இந்த வேலையெல்லாம் தேவையா என்று கேட்டார்கள். சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடை ஓட்டமாகி, ஓட்டம் போதாமல் சைக்கிளும் வாங்கி, ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான். ஆனாலும் கடல் எனக்கு ஒரு பயமே இல்லை. வாய்க்காலில் நீந்திப் பழகிய உடம்பு தண்ணீரைக் கண்டால் தானாக மிதக்கும். என் பயம் தரையில் இருந்தது.

பந்தயம் நடத்துகிறவர்கள் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். சைக்கிள் வழி நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் கிளம்பி, கீழ்வேளூரைத் தாண்டித் தெற்கே திரும்பி, ஓர் ஊரின் பெரிய தெருவுக்குள் நுழைந்து வெளியே வந்தது. அது நான் பிறந்த ஊர். ஆனால் நான் பிறந்த தெரு அது இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

பெரிய தெரு மிராசுதார்களுடையது. நாங்கள் அவர்கள் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்துக் கொடுத்தவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே இருந்தோம். தெருவின் முகப்பில் ஒரு புளியமரம். அந்த மரம் வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். ஏழை எளியவர்களின் ஆட்சி என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசிய காலம் அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலமெல்லாம் பினாமி பேரில் ஏறிப் பத்திரமாக இருந்த காலமும் அதுதான். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் சரி, புளியமரத்தடியில் நாங்கள் இறங்கினோம். அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் போகும் எனக்கு, மரம் கண்ணில் பட்டதுமே கால் தரைக்கு நீளும். "இறங்கும்மா" என்பார் அப்பா. இறங்குவேன்.

ஒரு நாள் மட்டும் இறங்கவில்லை. அறுவடைக் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வயலுக்குப் போகாமல் நின்ற வருஷம். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பில் போலீஸ் நின்றது. இனிமேல் புளியமரத்தடியில் யாரும் இறங்குவதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் மரம் வந்ததும் நான் வழக்கம்போல் காலை நீட்டினேன். "இன்னிக்கு இறங்க வேணாம்மா. கெட்டியாப் புடிச்சுக்க" என்றார் அப்பா. அவர் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து வீடு தாண்டியிருப்போம். யாரோ ஒரு மூங்கில் கழியைப் பின்சக்கரத்துக்குள் விட்டார்கள். சாய்ந்த வேகத்தில் என் இடது கால் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது.

அவர்கள் சைக்கிளைத் தூக்கிக் குளத்தில் எறிந்ததை அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அந்த அறுவடை முடிவதற்குள் மாயவரத்துக்கு வந்துவிட்டோம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், என்னைப் படிக்க வைத்தார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என் கணுக்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பந்தயத்துக்கு முதல் நாள் சைக்கிள் வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். பள்ளம் எங்கே, பாலம் எங்கே, நாய் எங்கே என்று தெரிந்துவிட்டால் மறுநாள் பயம் இருக்காதாம். தெரிந்த வழியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் தட்டிக்கழித்தேன். என்னோடு பெயர் கொடுத்திருந்த தோழி விடவில்லை. அவள் கடற்கரைக்காரி, அப்பா, அண்ணன் எல்லோரும் படகில் போகிறவர்கள். மாயவரத்தில் வங்கி வேலை. கடலில் அவளைப் பிடிக்க ஆளில்லை. சாலையில் மணல் லாரி ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொள்வாள். "நீங்க வரலைன்னா லாரிக்கு நடுவுல நான் மட்டும் மாட்டிக்குவேங்க்கா. வாங்க" என்றாள். சனிக்கிழமை காலை, கடற்கரையில் இருக்கும் அவள் அப்பா வீட்டிலிருந்து கிளம்பினோம். அன்று இரவும் அங்கேயே தங்குவதாக ஏற்பாடு.

சைக்கிளுக்கென்று போடும் அந்தச் சனியன் பிடித்த ஷூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் அடியில் ஒரு கட்டை இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இறங்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருகி விடுவிக்க வேண்டும். மறந்துபோய் நேராக இழுத்தால் கால் வராது; சைக்கிளோடு சாய வேண்டியதுதான். எனக்கு அது நன்றாகவே பழகியிருந்தது. மாயவரம் மணிக்கூண்டு நெரிசலில்கூட நான் விழுந்ததில்லை.

சம்பா அறுவடை சமயம். சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெல்லுக்கு ஓரமாகக் கருங்கல்லை வரிசையாக வைத்திருந்தார்கள். கல்லில் மோதினால் பல் போகும், நெல்லில் ஏறினால் சக்கரம் வழுக்கும். காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பாத்துப் போங்கம்மா, நெல்லு மேல ஏத்திடாதீங்க" என்றார். "கடல்ல கல்லு வைக்க மாட்டாங்கக்கா" என்று தோழி முனகினாள். நான் சிரித்தேன். கீழ்வேளூர் வரைக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தெற்கே திரும்பினோம். வாய்க்கால், மதகு, களம் எல்லாம் அதே வரிசையில் வந்தன.

"ஏங்க்கா வேகத்தக் கொறைக்கிறீங்க?"

"எதுத்தாப்ல காத்து அடிக்குது."

"காத்தே இல்லையேக்கா."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யார் யாரை இறக்குகிறார்கள்? மிராசுதார்கள் பாதிப் பேர் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களே சிலர் அந்த நிலத்தை வாங்கியிருக்கிறார்கள். என் சித்தப்பா மகன் அந்தத் தெருவிலேயே மோட்டார் பைக்கில் வீலிங் விடுகிறான். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரு முகப்பும் வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டிய அடிமர முண்டு மட்டும் தரையோடு தரையாக இருந்தது. மரம் இல்லை என்பது என் காலுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தரைக்கு நீண்டது. நீளப் பார்த்தது. திருகவில்லை, விடுவிக்கவில்லை, ஏழு வயதில் நீட்டியதுபோலவே நேராக இழுத்தேன். ஷூ விடவில்லை. சைக்கிளும் நானும் ஒன்றாக இடது பக்கம் சரிந்தோம். பட்ட காலிலே படும் என்பார்களே, அதே இடது கால்தான் அடியில் மாட்டியது.

கம்பிக் கதவு போட்ட வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, "மெதுவா, மெதுவா. அடி பலமாங்க? தண்ணி கொண்டாரச் சொல்லவா?" என்றார்.

"வேணாங்க. தண்ணி இருக்குங்க."

"எந்த ஊரு?"

"மாயவரத்துலேந்து வர்றோங்க. அக்கா அங்க டீச்சர்" என்றாள் தோழி.

அவர் என் முகத்தையே பார்த்தார். "மாயவரமா? எங்கயோ பாத்த ஜாடையா இருக்கே. யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

சாதாரணக் கேள்வி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முரடர்களை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். அப்பா பேரைச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. மாறாமலே இருந்திருக்கலாம். பார்க்கத் துணிச்சல் வரவில்லை. "வர்றோங்க" என்று சைக்கிளை வாங்கிக்கொண்டேன். செயின் கழன்றிருந்தது. அங்கேயே மாட்டியிருக்கலாம், நொடி வேலை. மாட்டவில்லை. தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டே போனேன். ஷூவின் கட்டை தார் ரோட்டில் டக் டக்கென்று ஊருக்கே கேட்டது.

கோடித் திருப்பத்தில் உட்கார்ந்து தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செயினை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அவரு சும்மாதான் கேட்டிருப்பாருக்கா" என்றாள்.

"இருக்கும். எனக்குத்தான் தெரியலையே."

"நாளைக்கு எப்படிப் போவீங்க?"

எனக்கும் அதே கேள்விதான். நீந்திவிடுவேன், ஓடிவிடுவேன். அந்தத் தெருவைச் சைக்கிளில் இருந்தபடியே கடப்பேனா என்பதுதான் தெரியவில்லை. நாளைக்கு அங்கே வேடிக்கை பார்க்க ஊரே நிற்கும். அத்தனை பேர் முன்னால் என் கால் மறுபடியும் இறங்கிவிட்டால், அதன் பிறகு நான் சைக்கிளைத் தொடமாட்டேன். அப்பாவைப் போல.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். விழுந்ததைச் சொன்னேன்.

"எந்த எடத்துல?"

"புளியமரம் இருந்த எடத்துலப்பா."

அவர் டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது. "நாளைக்கு நான் ஓட்டலப்பா" என்றேன். ஓட்டு என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது.

"வேணாம்னா விட்டுடும்மா. வீட்டுக்கு வந்துடு" என்றார். "சாப்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா, அந்தத் தெரு மேலா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் காலையில் எழுந்து கடலுக்குள் இறங்கினேன். கடல் ஒன்றும் செய்யவில்லை. நனைந்த உடம்போடு சைக்கிளில் ஏறினேன். முன்னாலும் பின்னாலும் இளவட்டங்கள் சர் சர்ரென்று பறந்தார்கள். தோழி எனக்கு முன்னால் போய்விட்டாள். அன்றைக்கு லாரிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள், அவளுக்கு என்ன. கீழ்வேளூர் தாண்டியது. வாய்க்கால், மதகு, களம். இறங்காதே, இறங்காதே என்று எண்களை எண்ணுவதுபோல் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

தெரு முகப்பில் கூட்டம் நின்றது. அதைப் பார்த்ததும் இடது குதிகால் வெளிப்பக்கம் திருகியது. இந்தத் தடவை கால் புத்திசாலித்தனமாக, முறைப்படி திருகியது. பூட்டு விட்டது. கால் தொங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். வெட்டிய முண்டின் பக்கத்தில், கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். போனை வைத்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துச் சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனுஷன், சத்தமாகப் பேசியே நான் கேட்டறியாதவர், ஊர் கேட்கக் கத்தினார்.

"இறங்க வேணாம்மா. கெட்டியாப் புடிச்சுக்க."

காலைத் திரும்ப வைத்து அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. அவரைக் கடக்கும்போது ஒரு கையால் எனக்குப் போ, போ என்று காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் அவருடைய செருப்பு இரண்டும் இருந்தன. வெறுங்காலோடு நின்றிருந்தார். கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

கண்ணீரில் தெருவே தெரியவில்லை. கடைசி வீடு தாண்டும் வரைக்கும் மிதித்துக்கொண்டே அழுதேன்.