அஞ்சலிக்காப் போத்தல்

எங்கள் சின்னம்மாவின் கலியாணம் மே மாதம் வரைக்கும் நடக்கக் கூடாது என்று நான் அந்தோனியாரிடம் மன்றாடியபோது எனக்கு எட்டு வயது. சின்னம்மாவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. காலையில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுகிறவரும், அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றுகிறவரும் அவர்தான். எல்லாவற்றுக்கும் காரணம் குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த ஒரு கோப்பிப் போத்தல்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், சுவரெல்லாம் ஈரம் ஊறிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அம்மாவின் தங்கையான சின்னம்மா படிக்கவென்று வந்து, ஊர் எரிந்த பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடு தங்கிவிட்டவர். அவருக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் காத்திருந்தார். ஏஜென்சிக்காரன் ஒருவன் அவரை லண்டனுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தான். நான் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் சித்தப்பா என்றே சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

எங்கள் ஆட்களின் கலியாணம் ரிச் கேக் இல்லாமல் ஒப்பேறாது. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே வெள்ளித்தாளும் சுற்றி ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, கஜு குறைவு, ரவை கூட என்று ஆறுதலாகத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் கேக்கில் நீத்துப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் காய்ச்சிச் செய்யும் தோசியையும் வெட்டிப் போடுவது வழக்கம். அந்தக் கால லண்டனில் நீத்துப்பூசணிக்காய்க்கு எங்கே போவது? அம்மா அதை விட்டுவிடலாம் என்றார். சின்னம்மா விடுகிற ஆளில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். பள்ளிக்கூடமொன்றில் சமைத்து ஓய்வு பெற்றவர். சின்னம்மாவின் கவலையை வேலிக்கு மேலால் கேட்டவர், தன் தோட்டத்து ஈர மூலையிலிருந்து ஒரு நாற்றைக் கிளப்பிக் கொடுத்தார். அஞ்சலிக்கா என்று பெயர். இதன் தண்டைச் சீனியில் போட்டால் கேக்குக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம் என்றார். சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், பெயர் வைத்த செடி என்று சின்னம்மா வந்து சொன்னதும் அம்மா மறுபேச்சில்லாமல் இடம் விட்டார். கறிக்கும் உதவாத கீரைக்கு இவ்வளவு மரியாதையா என்று அப்பா மட்டும் சிரித்தார்.

முதல் வருடம் இலை மட்டும்தான். சின்னம்மா தினமும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் அதன் அடியில் ஊற்றுவார். அடுத்த மே மாதம் என் தோள் உயரத்துக்குத் தண்டு வந்தது. முற்றுவதற்கு முதல் வெட்ட வேண்டும், மொட்டுத் தலை நீட்டினால் உடனே கிள்ளிவிட வேண்டும், பூத்துக் காய்த்தால் செடி செத்துப்போகும் என்பது பக்கத்து வீட்டாரின் கட்டளை. சின்னம்மா அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்.

தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி அவித்தார்கள். என் வேலை நார் உரிப்பது. உரித்ததைத் திரும்ப அவித்தபோது வெளிறிக் கிடந்த தண்டு கண்ணுக்கு முன்னாலேயே பச்சையாக மாறியது. பிறகு சீனியில் இரண்டு நாள் புதைத்து வைத்து, ஊறி வந்த பாகைத் தினமும் காய்ச்சிக் காய்ச்சி அதன் மேலேயே ஊற்றினார் சின்னம்மா. வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குத்தான் போவார். வீடெல்லாம் ஒரு வாசம் அடித்தது. தைலமும் செல்லரிக் கீரையும் கலந்த மாதிரி. கடைசியில் காயவைத்துப் போத்தலில் அடைத்து, சித்தப்பா வந்த பிறகுதான் திறப்பது என்று மேல்தட்டில் ஏற்றினார்.

ஆனால் அடைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து, அவண் அடுப்பைப் பரீட்சை பார்க்கவென்று ஒரு சின்னக் கேக் சுட்டார். கருங்கேக்குக்குள்ளே பச்சைத் துண்டுகள் கண்ணாடிபோலக் கிடந்தன. எனக்கு ஒன்றைக் கிள்ளித் தந்தார்.

"முதல்ல மருந்து மாதிரித்தான் இருக்கும். துப்பிப்போடாதை. பிறகு பார்."

பார்த்தேன். என் பிழை எல்லாம் அந்தப் "பிறகு"வில்தான் தொடங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு மணித்தியாலம் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒரு நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு. ஐப்பசியில் பார்க்கும்போது போத்தல் பாதிக்கு இறங்கிவிட்டது. பயத்தில் மூளை நன்றாக வேலை செய்யும். எண்ணெய்த்தாளைக் கசக்கி நடுவில் திணித்து, இருந்த துண்டுகளைக் கண்ணாடியோரமாகச் சுற்றி அடுக்கினேன். வெளியே இருந்து பார்த்தால் போத்தல் நிறைந்திருந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் என் முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. ஐரிஷ் சாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரிப்பை அடக்கியதுபோல் ஒரு தரம் இருமிவிட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முடியுமானால் எடுத்ததைத் திருப்பி வைத்துவிடு என்றும் சொன்னார். மூன்று மந்திரங்களையும் பலிபீடத்துப் படியிலேயே முடித்துவிட்டேன். திருப்பி வைப்பது எப்படி? செடி பனிக்குள் பட்டுக் கிடந்தது. புதுத் தண்டு மே மாதம்தான் வரும். சித்தப்பாவோ தைமாதம் வருவதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு இரவும் வீட்டில் செபமாலை முடிய அம்மா சித்தப்பாவுக்காக ஒரு மன்றாட்டுச் சொல்வார். "தம்பி கெதியா வந்து சேர வேணும், அந்தோனியாரே." எல்லோரும் ஆமென் சொல்வார்கள். நான் வாய்க்குள் "மே மாதத்துக்குப் பிறகு" என்று சேர்த்துவிட்டு ஆமென் சொல்வேன். மூன்று பெரியவர்கள் ஒரு பக்கம், நான் தனியே மறு பக்கம் என்று அந்தோனியாரை இழுத்துக்கொண்டிருந்தோம். காணாமற் போனதைத் தேடித் தருகிறவரிடம் ஓர் ஆளை வராமல் மறித்து வைக்கச் சொல்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தைமாதம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஏஜென்சிக்காரன் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறானாம். சின்னம்மா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றார். நான் மேலே ஓடிப்போய்க் கட்டிலில் ஏறித் துள்ளினேன்.

பங்குனியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. சின்னம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில், மாடிப்படியின் கடைசிப் படியில், கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று எனக்குச் சொன்னார்கள். அன்று இரவு அம்மாவின் மன்றாட்டு மாறியது. "எங்கை இருந்தாலும் உயிரோடை இருக்க வேணும்." கெதியா என்ற அவசரச் சொல் அதில் இல்லாததை நான் கவனித்தேன். பெரியவர்களும் என் பக்கம் வந்துவிட்டார்கள் என்று ஆறுதல்பட்டேன்.

நடந்ததை என் இருபதாவது வயதில்தான் அம்மா சொன்னார், கோப்பை கழுவிக்கொண்டே. ஒரு விடியற்காலை ஆமிக்காரர் அந்த லொட்ஜைச் சுற்றி வளைத்துப் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்களாம். சிலர் திரும்பி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை. எந்த இடத்தில் போய்க் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்றார்களாம். நான் கேட்டது மே வரைக்கும்தான். எட்டு வயதுப் பிள்ளையின் சொல்லைக் கேட்டு அந்தோனியார் ஏஜென்சிக்காரனைப் பிடித்து நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தைமாதம் வந்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை குழம்புகிறது.

மே மாதம் வந்தது. தண்டுகள் முன்னைய வருடத்தைவிடப் பருமனாக எழும்பின. நான் கத்தரிக்கோலும் கையுமாக நின்றேன். சின்னம்மா தோட்டத்துப் பக்கமே வரவில்லை. மொட்டு வீங்கத் தொடங்கியதும் பொறுக்க முடியாமல் அவரைக் கையில் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். முற்றப்போகுது, வெட்டுவம் என்று கெஞ்சினேன்.

"வேண்டாம் பிள்ளை. இந்தமுறை அது பூக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். போத்தலை இறக்கி மூடியைத் திறந்து, நடுவில் இருந்த எண்ணெய்த்தாளை வெளியே எடுத்தார். அதை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி, நாலாக மடித்து ஒரு பக்கம் வைத்தார்.

"நத்தாருக்கு முன்னமே எனக்குத் தெரியும். தூக்கித் துடைக்கேக்கை பாரம் தெரியாதே? அதுக்கென்ன, இன்னொருக்கா செய்யலாம் எண்டு இருந்தனான்." பிறகு போத்தலை என் பக்கம் தள்ளினார். "இருக்கிறதையும் நீயே சாப்பிடு. இனி ஒண்டுக்கும் தேவைப்படாது."

ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அந்தச் சந்தோசத்தில் அங்கேயே கதிரையில் ஏறி இருந்து, கசப்பும் இனிப்புமாக ஒவ்வொன்றாகத் தின்று முடித்தேன். சின்னம்மா எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலிக்கா பூத்தது. குடை பிடித்த மாதிரி பெரிய பச்சைப் பூக்கள். தேனீக்கள் நாளெல்லாம் மொய்த்தன. காய்த்து, மழைக்காலத்துக்குள் அடியோடு செத்துப்போனது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் கேக் சுடவில்லை.

போத்தல் காலியான அந்தக் கிழமையே, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு, என்னிடம் இருந்த சில்லறையை உண்டியலில் போட்டு அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கேட்டபடியே எல்லாவற்றையும் செய்து தந்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? முழந்தாளில் இருந்து கண்ணை மூடி நன்றி சொன்னேன். கண்ணைத் திறந்தபோது சின்னம்மா பக்கத்தில் நின்றார். என்ன மன்றாட்டு என்று கேட்டார்.

"மன்றாட்டு இல்லை. கேட்டது கிடைச்சிட்டுது" என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். பிறகு தானும் ஒரு மெழுகுதிரியை எடுத்து, என்னுடையதில் கொளுத்தி, பக்கத்தில் குத்தி வைத்தார். அவருக்கும் ஏதோ கிடைத்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.