விக்டர் மாஸ்டர் சுத்தம் செய்த மனை

எங்கள் தெருவில் விக்டர் மாஸ்டரைப் போல நல்ல மனிதர் கிடையாது. அவரைப் போல எரிச்சல் மூட்டுகிறவரும் கிடையாது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனது, அதட்டல் போகவில்லை. கோயில் திருவிழாவில் தேர் வருவதற்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. யார் கொடுத்த பொறுப்பு என்று கேட்காதீர்கள். கொடியில் காயும் துணி, வாசலில் நிற்கும் பைக், குப்பைக்கூடை எதுவும் கண்ணில் படக்கூடாது. பெரியவர்கள் வருகிற வழி துடைத்து வைத்தது போல இருக்க வேண்டும் என்பார். நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைப்போம்.

தெருக்கோடியில் கடலைப் பார்த்தபடி ஓர் அரசு மனை. அங்கே இருந்த பழைய மருந்தகத்தை இடித்துவிட்டார்கள், சிமென்ட் தரை மட்டும் மிச்சம். அதில்தான் குப்பத்து முத்தம்மாவும் இன்னும் சில பெண்களும் மீன் காயவைத்தார்கள். மணலில் போட்டால் மண் ஒட்டும், சிமென்டில் ஒட்டாது. புருஷன் போன பிறகு அந்தத் தரையை நம்பித்தான் முத்தம்மா தன் மகள் சரண்யாவை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அந்த மனை உபரி நிலம், விற்றுவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. மாஸ்டர் கொதித்துப் போனார். "பொது எடம்யா அது. ஒரு தடவை கைய வுட்டுப் போச்சுன்னா போச்சு" என்று வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார். நேரில் வந்து பார்க்கிறோம், மக்கள் பயன்படுத்துவது உண்மையானால் விட்டுவிடுகிறோம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். வருகிற நாளையும் சொன்னார்கள்.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். முதல் நாள் சாயங்காலமே முத்தம்மாவிடம் போய் நின்றார்.

"நாளைக்கு ஒரு நாள் கருவாட்டையெல்லாம் எடுத்துடும்மா. வர்றவங்க மூக்கைப் புடிச்சிக்கினு ஓடிட்டாங்கன்னா நம்ம பேச்சு எடுபடாது."

"நீ சொன்னா சரி மாஸ்டரு. உனுக்குத் தெரியாததா?" என்றாள் அவள்.

தெருவே சேர்ந்து சாக்குகளைச் சுமந்தது. எங்களில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. மறுநாள் காலை அந்தத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படிக் கழுவி வைத்திருந்தார். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். அதிகாரிகள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். "ரொம்ப சுத்தமா இருக்கே" என்று ஒருவர் சொன்னதும் மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் மீன் பேச்சே எழவில்லை. அவருடைய மனைவி ஐரின் அக்கா கொடுத்த மோரையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இடம் காலியாக உள்ளது, யாரும் பயன்படுத்தவில்லை என்று வாசித்தார்கள். படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு மீன் செதில்கூட இல்லை. மாஸ்டர் துடித்து எழுந்தார்.

"சார், அங்க தெனமும் மீன் காயுது சார். நீங்க வர்றீங்கன்னுதான் எடுத்து வெச்சோம்."

"அப்போ எங்ககிட்ட மறைச்சீங்களா?" என்றார் தலைமை வகித்தவர். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"மறைக்கல சார். மரியாதைக்கு..." என்று அவர் முடிப்பதற்குள் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்கள். விற்பது என்று முடிவானது.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் கையெழுத்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கோபத்தைக் காட்ட மனம் வரவில்லை. காப்பாற்ற வேண்டும் என்று அலைந்தவரே கெடுத்துவிட்டாரே, என்ன சொல்லித் தேற்றுவது? அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று ஐரின் அக்கா சொன்னார்.

இப்போது மனையைச் சுற்றித் தகரம் அடைத்துவிட்டார்கள். முத்தம்மா சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயவைக்கிறாள். தூசி படிந்த சரக்கை வாங்க ஆள் இல்லை. சரண்யா படிப்பை நிறுத்திவிட்டு தி.நகரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மாஸ்டர் தினமும் மதிய வெயிலில் அந்தத் தார்ப்பாய் பக்கத்தில் நின்று, வருகிற வண்டிகளைக் கைகாட்டி ஒதுக்கிவிடுகிறார். வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஐரின் அக்காவும் ஓய்ந்துவிட்டார்.

நேற்று முத்தம்மாவே எழுந்து வந்தாள்.

"வூட்டுக்குப் போ மாஸ்டரு. மயங்கி வுழுந்துடப் போற. உன்னை நா ஒரு வார்த்தை கேட்டனா?"

"கேட்டிருந்தா எப்பவோ போயிருப்பேன் முத்தம்மா. ஒரு தடவை திட்டிடும்மா, போயிடறேன்."

அவள் திரும்பிப் போய் நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். அப்போதும் திட்டவில்லை.