துரை வந்து பார்த்த ரோடு

துரை வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி கெட்டுவிடும். யாரையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. கெட்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில் குடியிருந்தோம். லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அதையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நட்டு வைத்திருந்தார்கள். மாட்டு வண்டி மட்டும் போன காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. பிறகு செங்கல் சூளை லோரிகள் வந்தன. வளைவில் திரும்பும்போதுகூட வேகத்தைக் குறைக்கமாட்டார்கள். கோழிகள் செத்தன, நாய் செத்தது, ஒரு கன்றுக்குட்டியும் செத்தது.

லயத்துக்குத் தண்ணீர் சுமந்தவர் என் சித்தப்பா. முன்பு ரயில்வே பட்டறையில் இருந்தார். பாய்லருக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து அடிக்கும் ஆணியை உள்ளே தாங்கிப் பிடிக்கும் வேலை. அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போயின. காது போனதும் வேலையும் போனது. அதற்குப் பிறகு தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின்.

லோரி வருவது அவருக்குக் கேட்காது என்பதால் என்னையும் அவரோடு அனுப்புவார்கள். ரோட்டோரத்தில் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இழுத்தால் அவர் நிற்க வேண்டும். விட்டால் போகலாம். எனக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்காது. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் நான் இழுப்பதற்குள் லோரி அவருடைய முன் டின்னை அடித்துத் தூக்கி எறிந்தது. ஆள் தப்பினார். லயத்தார் அன்றே கூடி மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். வளைவில் ஒரு பலகை வேண்டும், லோரிகளை மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும், மீறினால் அபராதம் போட வேண்டும். பக்கத்து வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணியார், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, இங்கிலீஷில் எழுதினார். நகரத்து போர்டு ஆபீஸிலிருந்து பதிலும் வந்தது. திங்கட்கிழமை துரையே நேரில் வந்து ரோட்டைப் பார்ப்பார்.

அங்கேதான் புத்தி கெட்டது. ரோட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு மாடுகளைப் பின்பக்கம் கட்டினார்கள். விடியும் முன்பே எல்லாக் குடங்களையும் நிரப்பிக் குழாயடியைத் தேய்த்துக் கழுவினார்கள். கிராணியார் வீடு வீடாக வந்தார்.

"துரை வாற நேரம் ஒரு சனமும் றோட்டிலை நிக்கப்படாது. பிள்ளையளை உள்ளுக்கு வையுங்கோ. ஒழுங்கான சனமெண்டு அவர் நினைக்கவேணும்."

"நம்ம செவிட்டுப் பயல என்ன செய்றதுங்க?" என்று அப்பா கேட்டார். "தொர முன்னால கத்திப் பேசுவானே."

"அவனையும் உள்ளுக்குத்தான்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைய அடுப்படியில பூட்டிட்டுப் போற ஆளுங்கள இங்கதான் பாக்கறேன்," என்றாள்.

"நீ வாய மூடு," என்றார் அப்பா.

துரை வருவது சித்தப்பாவுக்குத் தெரியும். குளித்து, பெட்டியிலிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவரை அடுப்படிக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தது நான். அப்பா எனக்குக் கொடுத்த பொறுப்பு அது. வாசலைக் காட்டிக் காட்டி எழுந்தார். ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பிறகு அஞ்சாங்கல் ஆடினோம்.

பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். துரை காரிலிருந்து இறங்கினார். பியூன் குடை பிடித்தான். ரோட்டில் ஒரு காக்கைகூட இல்லை. குழாயடியில் ஆளில்லை. அந்த நேரம் ஒரு லோரி வந்தது. துரையின் காரைக் கண்டதும் லோரிக்காரன் சாமி சப்பரத்தை ஓட்டுவது போல மெல்ல அசைந்து போனான். போகும்போது சலாம் வேறு வைத்தான். துரை சிரித்தார். கிராணியார் வளைந்து நின்று சிரித்தார். பத்து நிமிஷத்தில் கார் போய்விட்டது.

அடுப்படியைச் சத்தமில்லாமல் வைத்திருந்ததற்குக் கிராணியார் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். பாதியைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தொர சரின்னுட்டாரா?" என்று லயமே அதிரக் கேட்டார்.

துரை சிரித்தார், கிராணியாரும் சிரித்தார். எனக்குத் தெரிந்தவரை அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். பலமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் மாலை ரோட்டோரத்தில் வேட்டி நுனியைப் பிடித்தேன். சித்தப்பா என் கையைத் தட்டிவிட்டார். "போ, போய் வெளையாடு. இனிமே லோரிக்காரன் மெதுவாத்தான் வருவான். தொரயே சொல்லியாச்சு." நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிராணியார் படித்துச் சொன்னார். ரோடு சுத்தமாக இருக்கிறது. யாரும் குறுக்கே நடப்பதாகத் தெரியவில்லை. வண்டிகள் நிதானமாகப் போகின்றன. ஆகவே பலகை தேவையில்லை. அப்பா தரையில் காறித் துப்பினார். அவ்வளவுதான். சித்தப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு எதைச் சொல்வதானாலும் கையை ஆட்டி, வாயை அசைத்துக் கால் மணி நேரம் போராட வேண்டும். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். கடிதம் படித்தபோது நானும் அங்கேதான் நின்றேன். படித்து முடித்ததும் விளையாடப் போனேன்.

அந்த வாரமே அது நடந்தது. லோரி கிரீச்சிட்டது லயம் முழுவதற்கும் கேட்டது. எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் பாக்கவே இல்லீங்க. நேரா நடந்தாரு."

அடுத்த மாதம் பலகை வந்தது. அதை நட துரை வருவதாகவும், ரோட்டைக் கூட்டி வைக்கும்படியும் கிராணியார் சொல்ல வந்தார். அம்மா துடைப்பத்தை அவர் காலடியில் வீசினாள். "நீரே கூட்டும்," என்றாள்.

அதற்கு முன்பு, சாவு வீட்டில் எல்லாரையும் திட்டினார்கள். லோரிக்காரனை, துரையை, கிராணியாரை. யாரோ ஒருவர், "இந்தப் புள்ள கூடப் போகலியா?" என்று கேட்டார். "சித்தப்பாதான் வேணாம்னாரு," என்றேன். அது உண்மை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் ஏன் வேண்டாமென்றார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வயதில் நான் ஆட்டிய தலைக்கும் அந்த லோரிக்கும் சம்பந்தம் இருப்பது எனக்குத் தெரியவில்லை.