சமயநல்லூரில் நான் வாசிக்காத கச்சேரி

அந்தக் கல்யாண வீட்டுக் காரியஸ்தரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்து வருஷமாயிற்று. விபூதித் தட்டோடு அவர் வந்து நின்ற நிற்பு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பாகவதர் ஒருவர் என்னைக் கஞ்சிரா வாசிக்க மதுரையிலிருந்து கூட்டிப் போயிருந்தார். பெரிய இடத்துக் கச்சேரி எனக்கு அதுதான் முதல். அங்கே பேர் எடுத்தால் ஜில்லா முழுக்கக் கூப்பிடுவார்கள்.

"பாய், தப்பா நெனைக்காதீக. மேடையில நெத்தி வெறுசா இருக்கக் கூடாது. லேசாப் பூசிக்கிருங்க. மேடையில சொல்லப் பேரும் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்றார் காரியஸ்தர்.

எனக்கு வந்த ரோஷத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க" என்றேன். பயந்துவிட்டால் என் வாய் என்னைக் கேட்காது. அவரே பூசியும் விட்டார்.

என் அத்தா, நபி புகழ் பாடி மவுலூது ஓதும் வீடுகளில் தப்ஸ் கொட்டு தட்டியவர். விரல் அவர் கொடுத்தது. கணக்கு, சாமி புறப்பாட்டில் வீதியோரம் நின்று கேட்ட தவில் கொடுத்தது. இரண்டும் எனக்குள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. பிஸ்மில்லா சொல்லித்தான் கஞ்சிராவைத் தொடுவேன். அன்றைக்கு நாக்கு எழவில்லை.

தோலின் உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தடவினால் போதும், நாதம் கனக்கும். பதற்றத்தில் நான் செம்பையே கவிழ்த்துவிட்டேன். தோல் தொய்ந்து, ஈர வேட்டியைத் துவைக்கிற சத்தம் வந்தது. இனி சூடு காட்டினால்தான் இறுகும். அடுப்படிக்குப் போனால் சமையல்கார தவசிப்பிள்ளை கரண்டியை ஓங்காத குறை.

பந்தலுக்கு வெளியே பறையடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோல் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் குந்தினேன். தர்கா சந்தனக்கூட்டு ஊர்வலத்தில் என்னோடு கொட்டு அடித்த ஒருத்தர் அங்கே இருந்தார்.

"என்ன பாய், நெத்தியில சுண்ணாம்பு பட்டுருச்சா?"

"பூசி விட்டாகண்ணே."

"யாரு, மாமியாளா? இம்புட்டுப் பாசமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே துண்டால் அழுத்தித் துடைத்தேன். விபூதியோடு எனக்கென்ன பகை? பக்தியாகப் பூசுகிறவரைக் கண்டால் எனக்கு மரியாதைதான். என் நெற்றியில் அது பொய், அவ்வளவுதான்.

தோல் இறுகியது. திரும்பி வந்தால் பந்தல் வாசலிலேயே காரியஸ்தர் மறித்தார்.

"அவுகளோட குந்திட்டு வாரீக, நெத்தியவும் அழிச்சிட்டீக. இனி மேடையேத்த முடியாது."

"மிருதங்கத்துல இருக்கிறது மாட்டுத் தோலு. இது உடும்புத் தோலு. அதுகளுக்கு எங்கன பூசி மேடையேத்துனீக?" என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

பாகவதரைப் பார்த்தேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எத்தனை வெற்றிலைக்கு எத்தனை காம்பு! தலை நிமிரவே இல்லை.

"அப்ப நான் வாரேன்" என்று கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அதற்கப்புறம் எந்தப் பெரிய வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை.

பூமி அதிர நடந்து வந்ததாகத்தான் மதுரையில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் செருப்பைப் பந்தலுக்குள்ளேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்கத் தைரியமில்லாமல், சித்திரை வெயிலில் ரயிலடி வரை குதித்துக் குதித்தே போனேன்.