சுருட்டி வைத்த இருபத்திரண்டு மீட்டர்

2000-களின் பிற்பாதியில் எங்கள் நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகம் செய்யூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில், கடலை நோக்கி நேர்கோடாக ஆப்டிக் ஃபைபர் கேபிளைப் புதைத்தது. கொட்டகையில் இருந்த கருவி அதற்குள் லேசர் ஒளியை அனுப்பும். சிதறித் திரும்பும் ஒளியை வைத்து மண்ணின் வெப்பநிலையை மீட்டர் மீட்டராகச் சொல்லும். கோடையில் சுற்றிலும் மண் சூடாக இருக்க, ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அடியிலிருந்து நீர் மேலேறுகிறது என்று கொள்வோம். எண்களைக் குறித்து வைப்பது என் வேலை.

தோப்புக்காரம்மாவின் கிணறு முந்தைய ஆண்டு உப்பாகிவிட்டது. தினமும் கொட்டகைக்கு வந்து நிற்பார்.

“இன்னா சார், மிஷினு எதுனா சொல்லுதா?”

“சூடா குளிர்ச்சியான்னுதாம்மா சொல்லும். நல்ல தண்ணியா உப்பான்னு சொல்லாது.”

“எங்க தண்ணி கீதுன்னு சொல்லு. மீதிய நான் நாக்குல வச்சிப் பாத்துக்கறேன்.”

நூற்று நாற்பதாவது மீட்டரில் ஒன்பது நாள் தொடர்ந்து குளிர்ச்சி தெரிந்தது. டேப் பிடித்து அளந்து அங்கே ஒரு குச்சி நட்டுக் கொடுத்தேன். உறைக் கிணறு இறக்க அவர் ஆளுக்குச் சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் அவரால் ஒரு கிணறுதான் இறக்க முடியும்.

முதல் இருபத்திரண்டு மீட்டரும் ஏன் ஒரே வெப்பநிலையைக் காட்டுகின்றன என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே புரியவில்லை. குச்சி நட்ட மூன்றாம் நாள் செங்கல்பட்டில் என் வீட்டில் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது காரணம் என் கையெழுத்திலேயே இருந்தது. கேபிள் அறுந்தால் இணைக்க உதவும் என்று, கொட்டகையை ஒட்டிய குழியில் அவ்வளவு நீளத்தைச் சுருட்டி வைத்திருந்தோம். கருவி அதையும் சேர்த்து எண்ணியது. என் டேப் எண்ணவில்லை. குளிர்ந்த இடம் உண்மையில் கொட்டகையிலிருந்து நூற்றுப் பதினெட்டில். நான் குச்சி நட்டது கடலுக்கு இன்னும் அருகில்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து சிமென்ட் உறை இறங்கியிருந்தது. அந்தம்மா சொம்பை நீட்டினார். குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

சுருளைப் பற்றிச் சொன்னேன். தப்பான இடத்தைக் காட்டிவிட்டேன் என்றும் சொன்னேன்.

உறை இறக்கியவர் குழியிலிருந்து தலையை நீட்டினார். “தப்பா நட்டதுக்கே இவ்ளோ ஜோரா வருது. சார் சரியா நட்டிருந்தா நான் நீந்திக்கினு இருப்பேன்.”

அந்தம்மா சிரிக்கவில்லை. “அப்ப அந்த எடத்துல இன்னா கீது?”

“தெரியலம்மா.”

“இங்க ஏன் நல்ல தண்ணி வந்துச்சி?”

“அதுவும் தெரியல.”

“இது ஐப்பசி மழ வரைக்கும் உப்பாவாம நிக்குமா? இப்பவே சொன்னா உறைய உருவி அங்க மாத்திடலாம்.”

குறிப்பேட்டை விரித்தேன். ஒன்பது நாள் எண்களும் ஒழுங்காக இருந்தன. அவர் கேட்டதற்கு அவற்றில் பதில் இல்லை. குளிர்ந்த இடத்து நீர் இனிப்பாக இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. இந்த நீர் நிலைக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்று மூன்றாவது முறையும் சொன்னேன்.

அவர் சொம்பில் மிச்சமிருந்ததைக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துக்கொண்டார்.

“ஆறாவது உறை வேணாம்பா. இன்னும் ஆழம் போனா உப்பு ஏறிடும். இத்தோட நிறுத்து,” என்று குழிக்குள் குரல் கொடுத்தார்.

அது சரியா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.