ஜனவரி முப்பதின் ஏழாவது வரி

ஏற்காடு கடைவீதியில், வாசகசாலைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அந்தந்தத் தேதியில் முன்பு உலகில் நிகழ்ந்தவற்றை அதில் எழுதிவைப்பது, பணி ஓய்வுக்குப் பின் நான் ஏற்றுக்கொண்ட தொண்டு. காலையில் சந்நிதியில் பதிகம் பாடிவிட்டு, நெற்றியில் நீறு உலருமுன்பே வந்து சுண்ணக்கட்டியை எடுப்பேன்.

ஜனவரி முப்பதுக்கு ஆறு வரிகள் வைத்திருந்தேன். ஆறிலும் ரத்தவாடை. இங்கிலாந்தின் மன்னன் ஒருவனைக் குடிகள் மேடையேற்றித் தலையை வெட்டினர். ஜெர்மனியில் கொடியவன் ஒருவன் ஆட்சிப் பொறுப்பேற்றான். அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் உறைபனிக் கடலில் தகர்க்கப்பட்டது. குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அமிழ்ந்தனர். தில்லியில், வழிபாட்டுக்கு நடந்துகொண்டிருந்த முதியவரின் உடம்பில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. வியட்நாமில் புத்தாண்டு நாளில் நகரங்கள் எரிந்தன. அயர்லாந்தில் ஊர்வலம் சென்றவர்களைப் படையினர் தெருவிலேயே சுட்டு வீழ்த்தினர்.

சென்ற ஆண்டு ஜனவரி இருபத்தொன்பது மாலை, ஒரு பெண் பஸ்ஸை விட்டிறங்கி நேரே பலகைக்கு வந்தாள். வாழவந்திக்கு அப்பால் நான் ஆசிரியனாயிருந்த சிற்றூரைச் சேர்ந்தவள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள்.

"ஏனுங்க சார், நாளைக்கு யாரு யாரு சாவெல்லாம் எழுதுவீங்க?"

சொன்னேன்.

"வெள்ளக்கார ராசாவுக்கு ஒரு வரி. எங்கூட்டுக்காரருக்கு இல்லீங்களா? அவரும் அதே தேதியிலதானுங்களே செத்தாரு."

அவள் விடவில்லை.

"பொழுதோட வேலை முடிஞ்சா நாப்பது பொம்பளைங்க கேட்டைத் தாண்டறோம். கணக்கு எழுதற ரைட்டரு என் மடியை மட்டும் அவுக்கச் சொல்றாருங்க. திருடன் பொண்டாட்டியாம். இருவது வருசமா அவுத்துக் காட்டறேன். நேத்து எம்மவளையும் நிறுத்திட்டாரு. எங்கூட்டுக்காரரு திருடலீன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்."

தெரியும். வௌவால் காப்பிப் பழத்தின் தோலையும் சதையையும் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். விடியலில் அத்திமரத்தடியில் அவை வெளுத்துக் கிடக்கும். அவற்றை யார் பொறுக்கினாலும் இம்மலையில் எவரும் கேட்பதில்லை. அவள் கணவன் பனியில் குனிந்து பொறுக்குவதைக் கோயிலுக்குப் போகும் வழியில் நாள்தோறும் கண்டிருக்கிறேன், நின்று பேசியுமிருக்கிறேன். ஆனால் அந்தக் கொட்டையைக் கழுவிக் காயவைத்துவிட்டால், களத்தில் காயும் காப்பிக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இருபது ஆண்டுக்கு முன், அவன் இறந்த வாரம், ஊரார் களத்திலிருந்து இரண்டு மூட்டை காப்பி காணாமற்போயிருந்தது. ஜனவரி முப்பது காலை அவன் தோளில் ஒரு சாக்கு. பிரித்தார்கள், தோலுரிந்த காப்பி. அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

பள்ளிக்கு எதிரே நின்ற சில்வர் ஓக் மரத்தில் அவனைக் கட்டினார்கள். முதலில் காப்பிச் செடியின் மிலாறுக் குச்சி. அது முறிந்ததும் மண்வெட்டிப் பிடி. முழங்கால் உடைந்த ஓசை வகுப்பறைவரை கேட்டது. நான் வாசலுக்கு வந்தேன். அவனுக்கு ஒரு கண் மூடிவிட்டது. மற்றொரு கண்ணால் என்னைக் கண்டான். "சார், நீங்க சொல்லுங்க சார், அத்திமரம்" என்றான். அடுத்த அடி வாயில் விழுந்தது; பல்லும் சொல்லும் சேர்ந்து சிதறின. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட அடியாரின் பதிகத்தை அன்று காலையிலும் நான் கண்ணீர் மல்கப் பாடியிருந்தேன். கட்டுண்ட ஒருவன் என் கண்முன் நின்றபோது நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியவில்லை. கூடியிருந்தவர்களின் கைகளைப் பார்த்தேன். அவை என் பக்கமும் திரும்பக்கூடும் என்று அஞ்சினேன்.

மணி பதினொன்று. உயிர் நீத்த தியாகிகளுக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்பது அரசு விதி. எனக்கு அது தப்பும் வழியாக அமைந்தது. உள்ளே போய் மணியடித்துப் பிள்ளைகளை நிறுத்தினேன். அகிம்சையைப் போதித்தவருக்காக நாங்கள் தலைகுனிந்து நின்ற இரண்டு நிமிடமும் வெளியே அடி விழுந்துகொண்டிருந்தது. முடியும் தறுவாயில் அதுவும் நின்றது. போலீஸ் வந்தபோது, மரமேறித் தவறி விழுந்தான் என்று ஊர் சொன்னது. நான் வகுப்பில் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் வந்து கேட்ட மறுநாள் காலை ஏழாவது வரியை எழுதினேன். "இதே நாளில், நம் மலையில், அத்திமரத்தடியில் வௌவால் துப்பிய காப்பிக் கொட்டையைப் பொறுக்கிய ஏழை ஒருவன் திருடனென்று அடித்துக் கொல்லப்பட்டான். அவன் திருடனல்லன் என்பதை அறிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை." கீழே கையெழுத்திட்டேன். அவள் வேலைக்குப் போகாமல் அருகில் நின்றாள்.

அன்று மண்வெட்டிப் பிடியைப் பிடித்தவர்களுள் ஒருவன் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். கூட்டத்தைக் கண்டு வண்டியை நிறுத்தி வந்தவன், முதற்பாதியைப் படித்ததுமே துண்டால் வரியை அழித்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, வயசான காலத்துல கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?"

மறுபடி எழுதினேன். இம்முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினேன். துண்டை ஓங்கியவன், கடைசிச் சொற்களில் நின்றான்.

"அத்திமரத்துக் கொட்டையா? உங்களுக்குத் தெரியுமா?"

"நாள்தோறும் பார்த்திருக்கிறேன்."

அறைந்தான். பலகைச் சட்டத்தில் மோதி விழுந்தேன். உதடு கிழிந்து உப்பு நீர் வாய்க்குள் நிறைந்தது. சட்டையைப் பற்றித் தூக்கி மீண்டும் அறைந்தான்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டையைக் கீழ போட்டிருப்பனே! திருடனைத்தான் அடிச்சேன்னு இத்தினி நாளாச் சோறு தின்னுக்கிட்டிருக்கறனே! மணியடிக்கப் போனீங்களா, மணி!"

கடைக்காரர்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். அடி விழுந்தபோது நான் கையால் தடுக்கவில்லை. அந்த அடி எனக்கு உரியது.

அவள் மட்டும் அசையாமல் நின்றாள். "அவர அடிச்சா என் மடி மூடிக்குமா? ரெண்டு பேரும் இப்பவே வந்து ரைட்டருகிட்டச் சொல்லுங்க. அத்தனை பேரு முன்னாடியும் சொல்லோணும்."

"அங்க சொல்லிச் சேதி போலீசுக்குப் போனா நான் உள்ள போயிருவேன், அக்கா" என்றான் அவன்.

"போ" என்றாள்.

துண்டை உதறித் தோளில் போட்டான். பின்பு ஜீப்பின் முன்கதவை அவளுக்குத் திறந்துவிட்டான். நான் பின்னால் ஏறினேன். வளைவுகள்தோறும் என் ரத்தம் வேட்டியில் சொட்டியது. எவரும் துணி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எஸ்டேட் களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தனர். அவனே முதலில் சொன்னான். அடித்ததைச் சொன்னான், எத்தனை பேர் என்பதையும் சொன்னான். பிறகு நான் கண்டதையும் ஒளித்ததையும் சொன்னேன். ஒரு கிழவி காறித் துப்பினாள். அது எங்களுள் யாருக்கு என்று தெரியவில்லை. ரைட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அவள் அழவில்லை. களத்தோரம் கிடந்த, காப்பி கிளறும் பலகையை எடுத்துத் தன் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இனிமே பாக்கறதா இருந்தா, எல்லாரு மடியும் பாருங்க. இல்லீன்னா யாரு மடியும் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் கிளறத் தொடங்கினாள்.