இரண்டாம் ராஜாவின் சாம்பிராணி

இலங்கையில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவைப் பார்த்து வரும் பௌத்தப் போயா நாட்களுக்கு விடுமுறை கொடுத்த வருடங்களில் ஒன்று அது. ஆகவே மாதத்தை நிச்சயமாகச் சொல்வேன், டிசம்பர். கிழமையைச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கிழமைகளுக்கே தாங்கள் யாரென்று தெரியாது.

கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கிறிஸ்தவப் பள்ளிக்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வந்த சைவப் பையன் நான். வகுப்பில் தமிழில் கதைக்க ஒரே ஒருவன்தான் இருந்தான். புறக்கோட்டை நகைக்கடைக்காரர் ஒருவரின் மகன், முஸ்லிம். பாலன் இயேசு பிறப்பதை நடிக்கும் நத்தார் நாடகத்தில் டீச்சர் எங்கள் இருவரையும் கிழக்கிலிருந்து காணிக்கையோடு வந்த ராஜாக்களாகப் போட்டார். நாங்கள் தூரத்திலிருந்து வந்தவர்கள் போலவே இருக்கிறோமாம். வெள்ளவத்தை கிழக்கில் இல்லை, தெற்கில் இருக்கிறது என்று திருத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் இந்த வருடம் ஒழுங்காக நடித்தால் அடுத்த வருடம் பேசும் பாத்திரம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளியில் நாடகத்தில் ஒரு வசனமாவது பேசியவனைத்தான் மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வசனம் வேண்டும்.

முதல் ராஜாவான நண்பன் பொன் கொண்டுவருவான். நான் கொண்டுவர வேண்டியதன் ஆங்கிலப் பெயரை அப்பாவின் அகராதியில் பார்த்தேன். சாம்பிராணி. டீச்சர் தந்ததோ வெறும் பிஸ்கட் தகரம்.

"பிள்ளை பிறந்த வீட்டுக்கு வெறுந்தகரத்தோட போறதே?" என்றார் அம்மா. "சாம்பிராணி என்னத்துக்குக் கொண்டு போனவை? குளிக்க வார்த்திட்டுத் தலைக்குப் புகை காட்டத்தான்."

அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்த சின்னம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். தங்கச்சிப் பாப்பாவுக்கு நாள்தோறும் அதுதான் நடந்தது. சின்னம்மாவின் தூபக்காலையும் ஒரு பொட்டலம் சாம்பிராணியையும் வாங்கிக்கொண்டேன்.

நாடகத்தன்று மாலை பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்த் தணல் கேட்டேன்.

"மொக்கடத மல்லி?" என்றார் அடுப்படியில் நின்றவர். எதற்குத் தம்பி என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"பபாட்ட," என்றேன். பாப்பாவுக்கு.

அது போதுமாயிருந்தது. நல்ல சிரட்டைத் தணலாகப் பொறுக்கிப் போட்டார்.

திரைக்குப் பின்னால் நண்பன் எட்டிப் பார்த்தான். "டேய், உள்ளுக்கு நெருப்பா ஈக்கி?"

"இல்லாட்டி எப்பிடிப் புகையிறது?"

அவன் யோசித்தான். "அதுவும் சரிதான். எனக்குப் பின்னால தள்ளி வா. சேர்வானி வாப்பாட."

அப்பாவின் நீண்ட சேர்வானி தரையில் இழுபட அவன் போய்ப் பொன்னை வைத்தான். நான் தணலில் சாம்பிராணியைத் தூவினேன். பொட்டலம் முழுவதும் விழுந்துவிட்டது. ராஜா என்பதால் கஞ்சத்தனம் கூடாது என்றும் நினைத்தேன்.

புகை முதலில் யோசேப்பை மறைத்தது. அவன் தும்மியதில் தாடி தொட்டிலுக்குள் விழுந்தது. ஏணியில் நின்ற தேவதூதன் இருமிக்கொண்டே இறங்கினான். நான் என் கடமையை விடவில்லை. பொம்மையைத் தூக்கி, சின்னம்மா செய்வதுபோல் கழுத்தை ஏந்திப் புகைக்கு மேலே பிடித்தேன்.

"மச்சான், புள்ளையக் கீழ வை," என்று மரியாள் வேடத்திலிருந்த பையன் ஆங்கிலத்தில் சீறினான்.

கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தலைக்குக் காட்டு தம்பி, முகத்துக்குக் காட்டாதை."

அந்த மண்டபத்தில் மேடையை நோக்கித் தமிழில் சொல்லப்பட்ட முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். மறுக்க எனக்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. அதைக் கேட்டுக் கையை உயர்த்துவதற்குள் பொம்மையின் பொன்னிற முடி ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. மூன்றாம் ராஜா தன் காணிக்கையான வெள்ளைப்போளத்தைக் கீழே போட்டுவிட்டு மணல் வாளியுடன் ஓடிவந்தான். அந்த வருடம் பாலன் மணலுக்கடியில் பிறந்தார்.

தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசம் நன்றாக இருந்தது என்றார். டீச்சர் மணலைக் கிளறிப் பொம்மையைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். விடுமுறை முழுவதும் என் வசனம் போயே போய்விட்டதென்று நம்பியிருந்தேன்.

அவர் வாக்குத் தவறவில்லை. அடுத்த டிசம்பரில் எனக்குப் பேசும் பாத்திரம் தந்தார். தொழுவத்து ஆடு. இரண்டு கைகளும் எந்நேரமும் தரையில் இருக்கவேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். என் வசனம் "மே". வீட்டில் ஒரு மாதம் பாடமாக்கினேன்.